காட்டாமல் விட்ட பிரசவம்

தொலைக்காட்சிக்காரர்கள் அந்தத் தொடரை நிறுத்திய அன்று, மடிப்பக்காவின் மகள் பதினாலு மாதக் கர்ப்பிணியாக இருந்தாள். அதுவரை வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் தொடரில் வரும் பெண்ணும் அவ்வளவு மாதமாகத்தான் சுமந்துகொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் தலைசுற்றல் வந்தது, ஒரே வாரத்தில் வாந்தி நின்றது. நடுவில் கதை அந்தப் பெண்ணை விட்டுவிட்டு அவள் கொழுந்தனுடைய கோர்ட் வழக்குப் பக்கம் போய், மாதக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அப்போது அவளுக்கு எட்டாம் மாதம் நகரவே இல்லை, மகளுக்கும் நகரவில்லை. டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தேதிய நீங்கதான் தப்பாச் சொல்லியிருக்கீங்க," என்று மகளையே கடிந்துகொண்டாள். "பத்து மாசம் தாண்டிடுச்சே அத்தை," என்று மாப்பிள்ளை ஒருநாள் மெல்ல இழுத்தபோது மடிப்பக்கா டிவியைக் காட்டி, "அவளுக்கே இன்னும் ஆகல. இவளுக்கு என்ன மாப்பிள்ள அவசரம்? ஆகற நேரத்துல ஆகும்," என்றாள். மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நடுவில் நின்றுபோன எதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு வராது. ஆனாலும் மாமியாரிடம் மறுபேச்சு பேசாமல் தொட்டிலுக்குத் திருகாணி முடுக்கப் போய்விட்டார்.

மடிப்பக்கா என்பது வேலையால் வந்த பெயர். ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத சலவைக்கூடத்தில், படுக்கை விரிப்புகளை மடிப்பது அவள் வேலை. அகலமான விரிப்பை ஒற்றை ஆளால் மடிக்க முடியாது. எதிர்முனையைப் பிடிப்பவள் வாயாடி என்று பெயரெடுத்த இன்னொருத்தி. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துப் பின்னால் போய், ஒரு உதறு உதறி, விறைப்பாக இழுத்து, மூலைகளைச் சேர்த்துக்கொண்டு ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வர வேண்டும். இயந்திரங்கள் போடும் இரைச்சலில், பக்கத்தில் வரும்போது மட்டும்தான் பேச்சு காதில் விழும். அதனால் முந்தின மாலை பார்த்த கதையை அவர்கள் மடிப்புக்கு ஒரு வரியாகப் பேசினார்கள். "அந்தப் பொண்ணு ஒண்ணுமே சாப்பிடலக்கா." ஒரு உதறல். "மாமியாக்காரிதான் சமையலறையப் பூட்டி சாவிய இடுப்புல சொருகிட்டாளே." இன்னொரு உதறல். "அந்த சாவி அவ தொண்டைல சிக்க." இப்படி ஒரு நாள் கதை பேசி முடிக்க ஒரு வண்டி விரிப்பு தேவைப்பட்டது.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. காட்டினதைப் பேசலாம், காட்டாததைப் பேசக்கூடாது. முன்பு ஒரு தடவை வாயாடி சும்மா இருக்கமாட்டாமல், "பாரேன், அந்தப் பொண்ணோட அப்பா நாளைக்கே எழுந்து உக்காரப் போறாரு," என்று சொல்லப் போக, மறுநாள் மாலை அந்த மனிதர் செத்துப்போனார். அன்றிலிருந்து, கதையில் அடுத்து என்ன என்று வாயைத் திறப்பது இருவருக்கும் ஆகாத காரியம்.

நடுவில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சூப்பர்வைசர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தனி ஆள். காது மடல்கள் நீளமாகத் தொங்கும். வீட்டில் டிவி கிடையாது. வானொலியில் செய்தி கேட்டுவிட்டுப் படுத்துவிடுகிறவர். இவர்கள் பேசும் அந்தப் பெண் மடிப்பக்காவுக்கு அண்ணன் மகளோ தங்கை மகளோ என்று நினைத்துவிட்டார். நினைக்காமல் என்ன செய்வார்? சொந்த மகளைப் பற்றி மடிப்பக்கா வேலையிடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை, நாலு பேர் கண் பட்டுவிடும் என்று. ஆனால் அந்தப் பெண்ணுக்காக ஓட்டல் விரிப்பிலேயே மூக்கைத் துடைத்திருக்கிறாள். கொழுந்தனுக்குத் தீர்ப்பு வந்த மறுநாள், "போம்மா, போய் அந்தக் குடும்பத்தோட இரு," என்று அவர் அவளுக்குப் பாதி நாள் லீவு கொடுத்து அனுப்பிவைத்தார். உண்மையைச் சொல்ல இருவருக்கும் வெட்கம். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார்கள், வருஷம் ஓடிவிட்டது.

கடைசியாகக் காட்டிய மாலையில் அந்தப் பெண்ணுக்கு வலி எடுத்தது. சக்கரக் கட்டிலில் போட்டு ஆஸ்பத்திரியின் நீளமான நடைவழியில் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவள் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். தூரத்தில் பிரசவ அறையின் கதவு தெரிந்தது. அவள் வாய் திறந்தது, முகம் அப்படியே உறைந்தது, பாட்டு வந்தது. பாட்டு முடிந்ததும் கருப்புத் திரையில், இத்தனை நாள் ஆதரவு தந்த நேயர்களுக்கு நன்றி என்று ஒரே ஒரு வரி. மடிப்பக்கா அதைப் படித்தாள், ஆனால் நம்பவில்லை. மறுநாள் தொடர் வரும் ஏழரை மணிக்கு அந்த இடத்தில் ஒருவர் வந்து நின்று மூட்டுவலிக்கு எண்ணெய் விற்றார். அவர் விற்று முடித்துப் போனதும் வரும் என்று உட்கார்ந்திருந்தாள். அவர் போகவில்லை, முழங்காலை முடித்துவிட்டு முதுகுக்கு வந்தார். மற்ற சேனல்களை எல்லாம் ஒரு சுற்று தேடிவிட்டு அவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள். சரியாக அந்த நேரத்தில்தான் உள் அறையிலிருந்து மகள் கத்தினாள்.

ஓடிப்போய்ப் பார்த்தால் மகள் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள், வாய் திறந்திருக்கிறது. மாப்பிள்ளை வண்டி பிடிக்க ஓடினார். வண்டி வாசலுக்கு வந்த நேரம், எட்டு மணிக்கு, மகள் கம்பியை விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதும்மா," என்றாள். அடுத்த நாளும் ஏழரைக்கு அதே வலி, அதே கம்பி, அதே வாய். எட்டானால் பசி. தொடர் வராத நாட்களான சனி, ஞாயிறில் வலி இல்லை. திங்கட்கிழமை மறுபடியும் முதலிலிருந்து. அது புது வலி இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் மடிப்பக்காதான். மேற்கொண்டு எதுவும் இல்லாததால் பழையதையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்த அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"உள்ள இருக்கறது வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டு திரும்பிப் போயிடுதும்மா," என்று மகள் ஆரம்பத்தில் சிரித்தாள். "நம்ம மூஞ்சி பிடிக்கல போல." வாரங்கள் போகப் போகச் சிரிப்பு நின்றது. ஒரு சாயங்காலம் எட்டு மணிக்குக் கம்பியை விட்ட கையால் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நான் இப்படியே கெழவி ஆயிடுவேனாம்மா?" என்று கேட்டாள். "வாயக் கழுவு," என்று அதட்டிவிட்டுச் சமையலறைக்குப் போன மடிப்பக்கா, குழாயைத் திறந்து தன் வாயைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா அறுத்து எடுத்துவிடலாம் என்று தேதி குறித்தாள். மகளைப் படுக்கவைத்து, மயக்க மருந்து கொடுத்து, கத்தியைக் கையில் வாங்கியதும் அவளுக்கு அது எதற்கு என்று மறந்துபோனது. பக்கத்திலிருந்த நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் விளக்கைப் பார்த்தாள். வசனம் கொடுக்காமல் மேடையில் ஏற்றிவிட்ட ஆட்கள் மாதிரி எல்லோரும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். இன்னொரு தேதியிலும் அப்படியே நடந்தது. "உள்ள எல்லாம் தயாரா இருக்கும்மா. யாருக்காகக் காத்திருக்குன்னுதான் தெரியல," என்றாள் டாக்டரம்மா. அவள் குரலே சரியாக இல்லை.

ஆகவே மடிப்பக்கா ஒருநாள் லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, தொலைக்காட்சிக் கம்பெனிக்கே போனாள். வரவேற்பு மேசையில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவன் இருந்தான்.

"பாக்கறவங்க கம்மியாயிட்டாங்கம்மா, அதான் நிறுத்திட்டாங்க."

"நான் பாத்தேனே."

"நீங்க ஒருத்தர் பாத்தா போதுமா?"

"சரி, விடு. அந்தப் பொண்ணுக்குக் கொழந்த பொறந்துச்சா இல்லையா, அத மட்டும் உள்ள கேட்டுச் சொல்லு தம்பி. நான் போயிடறேன்."

நல்ல பையன்; போனைப் போட்டு நாலைந்து பேரிடம் கேட்டான். பிறகு போனை வைத்துவிட்டு, "அத எழுதவே இல்லையாம்மா. எழுதறவரு வேற கம்பெனிக்குப் போயிட்டாரு," என்றான். "அப்ப அந்தப் பொண்ணு?" என்று கேட்டாள். அவன் சுவரைக் காட்டினான். சுவர் உயரத்துக்கு ஒரு விளம்பரப் படத்தில் அவளேதான், புது ஷூ போட்டுக்கொண்டு வானத்தில் குதித்துக்கொண்டிருந்தாள். வயிறு பலகை மாதிரி இருந்தது. மடிப்பக்கா அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கொழந்தைய எங்க வச்சா?" என்று கேட்டாள். "அது தலகாணிம்மா," என்றான் பையன். அவள் நின்ற நிலையைப் பார்த்துப் பயந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்களே நல்லதா ஏதாவது நெனச்சுக்கோங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க," என்றான். அன்று வீட்டுக்கு வந்து மகளின் வயிற்றைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. தலைகாணி, தலைகாணி என்று பஸ்ஸின் சக்கரம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தது. மகளே அவள் கையை இழுத்து வைத்துக்கொண்டாள். உள்ளே இருந்தது ஓங்கி ஒரு உதை விட்டது. மடிப்பக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

வேறு வழியில்லாமல் வாயாடியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வாயாடி விரிப்பின் மூலைகளோடு நடந்து வந்து, "நாமளே முடிச்சிடலாம்க்கா. சுகப்பிரசவம்னு ஒரே ஒரு வார்த்த," என்றாள். மடிப்பக்கா பின்னால் போய் உதறிவிட்டுத் திரும்பி வந்து, "நீ வாயத் தொறந்துதான் அவங்கப்பன் போனான். என் பொண்ணு வயித்துல உன் வாய வைக்காத," என்றாள். அதோடு பேச்சு அறுந்தது. இருவரும் ஊமையாக மடித்தார்கள். அந்த வாரங்களில் மடித்த விரிப்புகளில் படுத்த விருந்தாளிகள் எல்லோருக்கும் ஒரே கனவு வந்தது: ஒரு சக்கரக் கட்டில், ஒரு நீளமான நடைவழி, எவ்வளவு தள்ளினாலும் கிட்டே வராத ஒரு கதவு. ஓட்டலில் புகார் குவிந்தது. சோப்புத்தூள்தான் காரணம் என்று மேனேஜர் அதை மாற்றிப் பார்த்தார். கனவு அப்படியே வந்தது, வாசனை மட்டும் வேறாக இருந்தது. கடைசியில் மடிக்கிற இரண்டு பேரையும் பிரித்து வேறு வேறு இடத்தில் போடச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வந்தது.

உத்தரவைச் சொல்லத்தான் சூப்பர்வைசர் அன்று காலை வந்தார். தினமும் வந்ததும் வராததுமாக, "ஆச்சாம்மா?" என்று கேட்பது அவர் வழக்கம். "இன்னும் இல்ல சார்," என்பது இவள் பதில். அதில் பொய் கிடையாது. காட்டவில்லை, ஆகவே ஆகவில்லை. அன்று அவர் அப்படிக் கேட்கவில்லை. தன் அலமாரியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து அவள் கையில் வைத்தார். எத்தனையோ வருஷம் துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகி, ஓட்டல் கழித்துப்போட்ட விரிப்பு. அதைச் சதுரம் சதுரமாக வெட்டி ஓரம் அடித்து வைத்திருந்தார். எல்லாம் கைத்தையல்.

"தையல் கோணல்தான். அதுக்குத் தெரியவா போகுது," என்றார். "எப்பவோ தச்சு வச்சது. நானும் தெனம் கேக்கறேன், நீயும் இல்ல இல்லங்கற. இப்பல்லாம் கேக்கவே பயமா இருக்கும்மா. ஒளிக்காம சொல்லு. பொறந்துச்சா? இல்ல, ஏதாவது..."

மடிப்பக்கா அந்தத் துணிகளைப் பார்த்தாள். எழுதினவர் மறந்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் மறந்துவிட்டார்கள். நடித்தவள் ஷூ போட்டுக் குதித்துக்கொண்டிருக்கிறாள். இந்த உலகத்தில் அந்தப் பெண்ணுக்காக ஒரே ஒரு ஆள், ஊசியும் நூலுமாக, இன்னும் அந்த நடைவழியில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் இன்னொரு நாளும் இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"பொறந்துடுச்சு சார்," என்றாள்.

எதிர்முனையில் வாயாடி மூலைகளைக் கை நழுவ விட்டாள். விரிப்பு தரையில் விழுந்தது.

"அம்மா?" என்று கேட்டார் அவர்.

மடிப்பக்கா தாயைப் பற்றிச் சொல்லவே மறந்துவிட்டாள். இந்த மாதிரிக் கதைகளில் குழந்தை அழும் நேரத்தில் தாய் கண்ணை மூடுவது சகஜம்; அதைப் பார்த்து எத்தனை தடவை ஆசைதீர அழுதிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து நீராவி இஸ்திரி சீறியது. அவர் காதில் விழாமல் போய்விடக்கூடாதே என்று, "நல்லா இருக்கா சார்! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, "நல்லாவே இருக்காங்க," என்று இன்னொரு தடவை சொன்னாள்.

"என்ன கொழந்த?"

"பொண்ணு."

"யாரு ஜாடை?"

இதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. பதறிப்போய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "காது மட்டும் உங்க காது மாதிரி சார்," என்று உளறினாள். அவர் தன் காது மடலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ஐயோ பாவமே," என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். உத்தரவைச் சொல்ல மறந்துபோனார்.

அவர் சிரித்து முடிப்பதற்குள் சுவரில் இருந்த போன் அடித்தது. எடுத்தால் மாப்பிள்ளை; அவருக்கு மூச்சு வாங்கியது. "அத்தை, சட்டைக்குப் பட்டன் தச்சுக்கிட்டு இருந்தா. திடீர்னு கதவு தொறந்துடுச்சுன்னா. வண்டி வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நல்லாவே இருக்காங்க. பொண்ணு. ஆனா காதுதான் கொஞ்சம்..."

"தெரியும் மாப்பிள்ள," என்றாள் மடிப்பக்கா.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். மறுநாள் காலையில் சூப்பர்வைசர், "கொழந்த எப்படி இருக்கு?" என்று கேட்டார். "லேசா சளி சார்," என்று பேச்சுக்குச் சொல்லிவைத்தாள். வீட்டுக்குப் போனால் குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. "மாமியார் வந்து பாத்தாங்களா?" என்று அவர் கேட்டது தொடரில் வந்த மாமியாரை. இவள் யோசிக்காமல், "வந்தாங்க சார்," என்றுவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் வீட்டு வாசலை மிதிக்காத சம்பந்தியம்மாள் அன்று சாயங்காலம் பெட்டியோடு வந்து இறங்கினாள். குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எங்க வம்சத்துல இந்தக் காது கெடையாதே," என்றாள். அப்புறம் அதைத் தோளில் போட்டுக்கொண்டவள் இறக்கவே இல்லை. வந்தாள் என்று சொன்னாளே தவிர, போனாள் என்று மடிப்பக்கா சொல்லவில்லை. எனவே சம்பந்தியம்மாள் தங்கிவிட்டாள். கடைசியில் ஒருநாள், வீட்டில் கால் வைக்க இடமில்லாமல், "கெளம்பிட்டாங்க சார்," என்று சொல்லித்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

பயந்துபோய் லீவு போட்டுப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்லாத அந்த இரண்டு நாளும் குழந்தை கண்ணைத் திறக்கவில்லை, அழவில்லை, பால் கேட்கவில்லை. மூச்சு மட்டும் வந்து போனது. மூன்றாம் நாள் தலையைக்கூட வாராமல் வேலைக்கு ஓடினாள். "கண்ண முழிச்சுப் பாக்குது சார், நல்லா பால் குடிக்குது சார்," என்று அவர் கேட்பதற்கு முன்பே படிக்கட்டிலிருந்து சொல்லிக்கொண்டே இறங்கினாள். அதற்குப் பிறகு அவள் லீவே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மூன்று நாளைக்குப் போதுமான அளவு சேர்த்துச் சொன்னாள். என்ன சொல்வது என்பதை வாயாடியும் அவளும் காலையில் முதல் வண்டி விரிப்பை மடிக்கும்போதே பேசி முடிவெடுத்தார்கள். "பல்லு மொளைக்கலாமாக்கா?" உதறல். "வேணாம்டி, பல்லுன்னா ஜுரம் வரும்." உதறல். "குப்புற விழலாம்?" "கட்டில்லன்னு சொல்லக் கூடாது. பாய்லன்னு சொல்லணும்." சொல்ல விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தே மடிப்பக்காவுக்குப் பாதித் தலை நரைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். அதன் காதையும் அவர் காதையும் எல்லோரும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் இவள்தானா என்று அவரும் கேட்கவில்லை, யாரும் விளக்கவும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காலையில் போன் செய்து விசாரித்தார்.

குழந்தை நடக்கத் தொடங்கியிருந்த ஒரு காலை. ராத்திரி சரியாகத் தூக்கமில்லை, வாயாடியும் வரவில்லை, அவர் போனில் கேட்டபோது மடிப்பக்காவுக்கு மனசில் ஒன்றுமே தோன்றவில்லை. "இன்னைக்கு ஒண்ணும் நடக்கல சார்," என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. திரும்பக் கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை. சாயங்காலம் வரை ஒற்றை ஆளாகத் துவாலைகளை மடித்துவிட்டு, பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கி வீட்டுக்கு ஓடினாள். கதவைத் திறந்தால், குழந்தை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு காலுறையை விரலில் மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றி விளையாடிக்கொண்டிருந்தது. மகள் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். மாப்பிள்ளை பழைய பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை, யாரும் கிளம்பவில்லை, பால் பொங்கவில்லை, போன் அடிக்கவில்லை. மடிப்பக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களோடு உட்கார்ந்தாள். மழை வருவது போல் இருந்தது, வரவில்லை. விளக்கு போடும் நேரம் வரை நாலு பேரும் அப்படியே இருந்தார்கள்.

அதற்குப் பிறகு மாதத்தில் சில நாள் அப்படிச் சொல்வதை அவள் வழக்கமாக வைத்துக்கொண்டாள். "ஒண்ணும் நடக்கல சார்." "நல்லதாப் போச்சும்மா," என்று சொல்லிவிட்டு அவரும் போனை வைத்துவிடுவார்.